மிச்சம் வைக்காமல் குடித்தவர்

இது இப்படித்தான் முடியும் என்று நான் முன்பே சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சொன்னேன், ஆலங்குடி முக்கத்தில் சொன்னேன், என் அக்காள் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டே சொன்னேன். அத்தான் வாயிலிருந்து விழுந்த வார்த்தை ஒருநாள் அத்தானையே தேடிக்கொண்டு வரும் என்று சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. போன வெள்ளிக்கிழமை அது வந்துவிட்டது.

செய்தி வந்தபோது கந்தர்வக்கோட்டையில், நான் கண்டக்டராக ஓடுகிற பஸ் வண்டியின் கூரைமேல் நின்று முந்திரிக்கொட்டை மூட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டையிலிருந்து வந்த வண்டியின் கண்டக்டர் கீழே நின்று என்னை அண்ணாந்து பார்த்தார். வழக்கமாக என்னைப் பார்த்தால் ஏதாவது கேலி பேசுகிற ஆள். அன்று கையிலிருந்த டிக்கெட் கட்டை மெதுவாகச் சட்டைப்பையில் வைத்தார்.

"எறங்கி வாங்கண்ணே" என்றார்.

"அத்தானா?"

"ஆமாண்ணே. விடியக்காலம்."

எனக்கு அவர் வாய் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது. ஆனாலும் கூரையிலிருந்து இறங்கும் ஏணியில் எத்தனை படி என்று எனக்கு அன்று மறந்துபோனது. பதினாறு வருஷமாக ஏறி இறங்குகிற ஏணி.

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காபித்தூள் வேலாயுதம் என்று புதுக்கோட்டையில் கேட்டால் சின்னப்பிள்ளைகூட வழி காட்டும். என் அக்காள் தெய்வானையின் வீட்டுக்காரர். கீழராஜ வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அவருடைய வறுகடை. முன்னால் கடை, பின்னால் வீடு. கரி அடுப்பின்மேல் ஓர் இரும்பு உருளை. அதைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் காபிக்கொட்டை வறுத்தால் அந்த வாசனை சித்தன்னவாசல் வரைக்கும் போகும். அங்கே குகைச் சுவரில் ஆடுகிற பெண்கள் அந்த நேரத்தில் இந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவார்கள் என்று நான் வண்டியில் சொல்வதுண்டு. வெளியூர்க்காரர்கள் நம்பினார்கள். இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம், கொஞ்சம் திரும்பித்தான் இருக்கிறார்கள் என்றார்கள்.

என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் சொல்ல வேறு ஆளும் இல்லை. சமஸ்தானத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் போனவன் நான். பரீட்சை சமயத்தில் அம்மை போட்டுவிட்டது, அதனால் எழுதவில்லை. அந்தக் காலத்து எட்டாவது இந்தக் காலத்துக் காலேஜுக்குச் சமம் என்று ஒரு ஹெட்மாஸ்டரே என் வண்டியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். ஆகவே இந்த அஞ்சலியை எழுத எனக்குத் தகுதி இருக்கிறது. அத்தானோடு அதிகம் சுற்றியவனும் நான்தான்.

அவர் வேலை செய்கிற முறையை இப்போதைய கடைக்காரர்கள் யாரும் நம்பமாட்டார்கள். ஊரில் அப்போது பேர் சொல்லும்படியாக ஐந்து காபி கிளப்புகள் இருந்தன. ஐந்துக்கும் அத்தான்தான் தூள் கொடுத்தார். ஆனால் ஒரே தூள் இல்லை. தாசில் கச்சேரிக்கு, அதாவது தாசில் ஆபீஸுக்கு எதிரே சேஷையர் நடத்திய கிளப்பைக் கச்சேரி கிளப் என்பார்கள். அங்கே ஊரணித் தண்ணீர். அதற்கு இளவறுப்பு போதும். நாயுடு சகோதரர்கள் நடத்திய மாடி கிளப்பில் கிணற்றுத் தண்ணீர், லேசாக உப்பு. அதற்கு இன்னும் இரண்டு சுற்று வறுத்துச் சிக்கரியைக் குறைப்பார். இப்படி ஐந்து தண்ணீருக்கு ஐந்து வறுவல்.

காலையில் சைக்கிளில் கிளம்பி ஐந்து கிளப்பிலும் ஒரு காபி குடிப்பார். குடிப்பது என்றால் நானும் நீங்களும் குடிப்பது மாதிரி இல்லை. டவராவில் ஆற்றி, கொஞ்சம் குடித்துவிட்டு, கடைசி மடக்கை டம்ளரிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். அது முழுசாக ஆற வேண்டும். ஆறிய பிறகு நாக்கு நுனியில் ஒரு சொட்டு. அவ்வளவுதான். மற்றதை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

"சூடா இருக்கறப்ப நாக்கு ஏமாந்துரும் மாப்ள. ஆறினப்பறந்தான் கசப்பு எங்கிட்டிருந்து வருதுன்னு தெரியும். தூள்லருந்தா, தண்ணியிலருந்தா, பால்லருந்தா" என்பார்.

அந்த மிச்சத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவருக்கு வயிறு அப்போதிருந்தே சரியில்லை. ஐந்து காபியையும் முழுசாகக் குடித்தால் மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார். ஆக, அந்த ஒரு மடக்கு மிச்சம்தான் அவருடைய தொழில், அதுவே அவருடைய உடம்புக்குக் காவல்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், நாற்பத்தெட்டு. புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவுக்குள் போய்விட்டது. ஊரில் கொடி ஏறியது, மிட்டாய் கொடுத்தார்கள். ஆனால் கச்சேரி கிளப்பில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. அங்கே காபி குடிப்பவர்கள் எல்லோரும் சமஸ்தானத்துக் குமாஸ்தாக்கள். யாரை எங்கே தூக்கிப் போடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை, அத்தானோடு நானும் அங்கே போயிருந்தேன். கல் மேசை. சேஷையர் தம் கையாலேயே காபியைக் கொண்டுவந்து வைத்தார். அத்தான் வழக்கம்போல் கடைசி மடக்கை ஆறவிட்டார். ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். அவர் முகம் மாறியது. மெதுவாக எழுந்தார். டம்ளரைக் கல் மேசைமேல் கவிழ்த்தார். அந்த ஒரு மடக்குக் காபி மேசைமேல் ஓடியது. வேறு எந்தப் பக்கமும் போகாமல் தெற்கே போய், தெற்கு விளிம்பில் சொட்டியது.

"இந்த அடுப்பு தை பாக்காது" என்றார். உரக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

அந்தத் தெற்கு விளிம்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நான் வாசலுக்கு நடந்தேன்.

மார்கழி பிறந்தது. குமாஸ்தாக்களுக்கு உத்தரவு வந்தது. பெட்டி படுக்கையோடு குடும்பம் குடும்பமாகத் திருச்சி வண்டியில் ஏறினார்கள். பாதிப்பேருக்கு நான்தான் சாமான் ஏற்றினேன். கச்சேரி கிளப்பில் பாய்லர் பொங்கிக்கொண்டிருந்தது, குடிக்க ஆள் இல்லை. ஒருநாள் காலை கதவு திறக்கவில்லை. தை பிறக்க இன்னும் ஆறு நாள் இருந்தது. சேஷையர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் நடந்ததை வண்டியில் சொன்னேன். கண்டக்டர் வேலை என்பது டிக்கெட் கிழிப்பது மட்டும் இல்லை. ஜனங்களைத் தூங்கவிடாமல் ஊர்போய்ச் சேர்க்க வேண்டும். கரி எரித்து ஓட்டிய அந்தக் கரிவாயு வண்டி மேட்டில் ஏற மூச்சு வாங்கும். ஏறி முடிப்பதற்குள் நான் இந்தக் கதையை முடித்துவிடுவேன். பதினைந்தே நாளில் கந்தர்வக்கோட்டைக்காரர் ஒருவர் இதை எனக்கே திருப்பிச் சொன்னார். அவர் சொன்னதில், கவிழ்ந்த காபி ரத்தக் கலரில் ஓடியது. அது அவர் சேர்த்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லை.

அதற்கடுத்த வருஷம் மாடி கிளப். அத்தான் அங்கே பத்து வருஷமாகத் தினமும் ஒரு மடக்கு மிச்சம் வைத்தவர்தான். ஒருவரும் கவனித்ததில்லை. ஆனால் அந்த ஆடியில் நாயுடு சகோதரர்களுக்குள் பாகப் பிரிவினைச் சண்டை வந்து, மாடிக்கு நடுவே ஒரு சுவர் எழும்பி, பாய்லர் ஒரு பக்கமும் மேசைகள் ஒரு பக்கமும் போய்விட்டன. கிளப் மூடப்பட்டது. உடனே ஊர் யோசித்தது. கடைசியாக வேலாயுதம் எப்போது வந்தார், மிச்சம் வைத்தாரா. வைத்தார். வைக்காத நாள் எது என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தான் கிளப்பில் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாய்லர் மட்டும் சீறிக்கொண்டிருக்கும். காபி மாஸ்டர் ஆற்றுகிற கையை நிறுத்திவிட்டு, அத்தான் கையிலிருக்கும் டம்ளரையே பார்ப்பார். இட்டிலி தின்கிறவர் வாய்க்குக் கொண்டுபோன கையோடு அப்படியே இருப்பார். அத்தான் ஒரு மடக்கைவிட்டு டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம், கோவில் மணி மாதிரி அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்.

முதலில் அவருக்கு இது புரியவே இல்லை. "என்ன மாப்ள, நான் போனா எளவு வீடு மாதிரி ஆயிருது?" என்று என்னிடம் கேட்டார்.

"மரியாதை அத்தான்" என்றேன்.

அது மரியாதை இல்லை என்று அவருக்குக் கருப்பையா வந்தபோது தெரிந்தது. கருப்பையா சந்தைப்பேட்டையில் கிளப் வைத்திருந்தவர். ஒருநாள் காலை ஒரு தட்டில் வெற்றிலை, பழம், கற்கண்டு எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு வறுகடைக்கு வந்தார். அத்தான் உருளையைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். அக்காள் உள்வாசலில் முறத்தில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன கருப்பையா, மகளுக்கு ஏதும் விசேசமா?" என்று அத்தான் கேட்டார்.

"அதெல்லாம் இல்லண்ணே. என் கடைக்கு எதுத்தாப்புல ஒருத்தன் புதுசா கடை போட்டிருக்கான். நீங்க ஒருநா அங்கிட்டுப் போயி ஒரு காபி சாப்புடணும்."

"தூளே நம்மகிட்டதான வாங்குறான். தெனமும் போய்ட்டுதான வாரேன்."

"சும்மா சாப்புட்டு வரக் கூடாதுண்ணே." கருப்பையா குரலைத் தாழ்த்தினார். "கவுத்து வச்சிட்டு வரணும். தெக்குப் பக்கமா."

அத்தானின் கை நின்றுவிட்டது. உருளை நின்றால் கொட்டை கருகிவிடும். அவருக்கு அது தெரியாதா. ஆனாலும் கை நின்றது. கரும்புகை எழும்பிக் கடை முழுக்கச் சூழ்ந்தது. எனக்குத் தெரிந்து அதுவரைக்கும் அவர் ஒரு ஈடுகூடக் கருகவிட்டதில்லை. புகைக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"தட்ட எடுத்துக்கிட்டுப் போயிரு கருப்பையா."

கருப்பையா போன பிறகு அத்தான் என் பக்கம் திரும்பினார். இருமிக்கொண்டே கேட்டார்.

"மாப்ள, கச்சேரி கிளப்புல நான் அப்புடிச் சொன்னேனா?"

"எப்புடி?"

"அடுப்பு தை பாக்காதுன்னு. ஊரே சொல்லுது. எனக்கு நெனவே இல்லையே."

"சொன்னீங்க அத்தான்."

உள்ளேயிருந்து அக்காள் சிரித்தாள். "இவன் சொல்றதையா கேக்குறீங்க? சின்னதுல ஊரணியில மொதல பாத்தவன் இவன். ஊரே கம்பத் தூக்கிட்டு ஓடுச்சு. பாத்தா எரும."

"அது வெளையாட்டு தெய்வானை. இது ஒரு மனுசன் பொழப்பு. இதுல போயி பொய் சொல்லுவானா?" என்ற அத்தான் மறுபடி என்னைப் பார்த்தார். "நீ பக்கத்துல இருந்தியா?"

"பக்கத்துலதான் நின்னேன். கவுத்தீங்க, சொன்னீங்க."

அவர் ரொம்ப நேரம் கருகின கொட்டையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப வாய் தவறி வந்திருக்கு. அந்த மனுசன் அடுப்ப நான்தான் அணைச்சிருக்கேன்" என்றார். பிறகு, "சேஷையர் எங்கிட்டு இருக்காருன்னு பஸ்ல வாரவுககிட்ட விசாரி மாப்ள. ஒரு தடவ போயி கால்ல விழுந்துட்டு வந்துர்றேன்" என்றார்.

விசாரிக்கிறேன் என்று சொன்னேன்.

மறுநாளிலிருந்து அவர் மிச்சம் வைப்பதை நிறுத்திவிட்டார். எந்தக் கிளப்பில் உட்கார்ந்தாலும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். ஆறவும் விடுவதில்லை. ஆறவிட்டால் மிச்சம் வைத்துவிடுவாரோ என்று கடைக்காரர்கள் பதறுவார்கள் என்பதற்காக, ஆவி பறக்கிறபோதே குடித்துவிட்டு, டம்ளரைச் சாய்த்துக் காட்டுவார். உள்ளே ஒன்றும் இல்லை என்று மாஸ்டருக்குத் தெரிய வேண்டும். மாஸ்டர் மூச்சு விடுவார். கூடத்தில் பேச்சு மறுபடி தொடங்கும். ஊர் பிழைத்தது.

அவர் நாக்கு பிழைக்கவில்லை. இரண்டு வருஷம் கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் என்ன ஆகும். ஒருநாள் அக்காள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, இன்னைக்குக் கொழம்புல உப்பு போட மறந்துட்டேன். அவரு சாப்புட்டுட்டு நல்லாருக்குன்னு எந்திரிச்சுப் போறாரு. நேத்து ரெண்டு தடவ உப்பு விழுந்திருச்சு. அதுக்கும் நல்லாருக்குன்னாரு. எனக்குப் பயமா இருக்குடா."

ஐந்து தண்ணீருக்கு ஐந்து வறுவல் போட்ட மனிதருக்கு உப்பு தெரியவில்லை. அதன் பிறகு வறுவல் பிசகியது. இளவறுப்பு கருகியது, கருக வேண்டியது பச்சையாக வந்தது. டவுனில் இரண்டு கிளப்புகள் வேறு ஆளிடம் தூள் வாங்கத் தொடங்கின. அத்தான் டின்னை எடுத்துக்கொண்டு என் வண்டியில் வெளியூர்க் கடைகளுக்குப் போக ஆரம்பித்தார். கந்தர்வக்கோட்டை, ஆலங்குடி, பிறகு என்னை லைன் மாற்றினபோது கீரமங்கலம். எங்கே போனாலும் அவருக்கு முன்னாலேயே அந்தக் கதை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. நான் ஓடுகிற ரோடு அல்லவா.

ஒருநாள் மார்பிலிருந்து வயிறு வரைக்கும் கையை வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "புண்ணு முத்திப் போச்சு. காபி ஒங்களுக்கு வெசம். இன்னையோட நிறுத்திரணும். ஒரு வாய்கூட ஆகாது" என்றார்.

அத்தான் மூன்று நாள் வீட்டோடு இருந்தார். நான்காம் நாள் காலையில் டவுன் கிளப்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "ஏண்ணே வரல? எங்க கடைக்கு நேரம் வந்திருச்சா? அதான் வராம இருக்கீங்களா? மறைக்காமச் சொல்லிருங்கண்ணே" என்றார்.

போனால் மிச்சம் வைக்கக் கூடாது. போகாவிட்டால் அது அதைவிடப் பெரிய சகுனம். அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று அக்காள் வழியை மறித்தாள்.

"அவுக குடும்பம் நிம்மதியா இருக்கட்டும் தெய்வானை. ஒரு டம்ளர்தான்."

அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொன்னா கேப்பாருடா. ஏதாவது சொல்லு" என்றாள். நான் சொன்னேன். இப்படியே போனால் இது நல்லா முடியாது என்று அன்றைக்கே சொன்னேன். அதை அவள் மறுக்க முடியாது.

இனி கீரமங்கலம். சந்தை ஓரத்தில் தகரம் வேய்ந்த ஒரு காபிக்கடை. நடத்தியவர் ராசாயி. புருஷன் இல்லை, கல்யாண வயதில் இரண்டு மகள்கள். நல்ல கை அவருக்கு. டவுனில் இருந்த எந்தக் கிளப்புக்கும் குறையாத காபி. அன்று சந்தை நாள், உச்சிப்பொழுது. வாழைத்தார்களும் மாடுகளும் ஜனமுமாக நெரிசல். வண்டி அங்கே அரைமணி நேரம் நிற்கும். அத்தான் பெஞ்சியில் உட்கார்ந்தபோதே அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. ராசாயி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஆத்தா, இன்னைக்குப் பாதி போதும். வயித்துக்குள்ள நெருப்பா இருக்கு" என்றார் அத்தான்.

ராசாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "பாதின்னா மிச்சம் இருக்குமே சாமி."

"அப்ப இத எடுத்துக்கிட்டு, கால் டம்ளரு ஊத்திக் குடு. அத முழுசாக் குடிச்சிர்றேன்."

"வச்சத எடுக்கச் சொல்றீங்களே. அது அதவிட மோசமில்லையா. பொம்பளப் பிள்ளைக ரெண்டு இருக்குதுக. இந்த அடுப்ப விட்டா எங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க." அவர் என் பக்கம் திரும்பினார். "கண்டக்டரய்யா, நீங்கதான கண்ணால பாத்தவுக. நீங்க சொல்லுங்க. மிச்சம் வச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொன்னாப் போதும். நான் எடுத்துட்டுப் போயிர்றேன்."

கடையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். வாசலில் நின்ற மாட்டுக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். அதில் பாதிப்பேர் என் வண்டியில் அந்தக் கதையைக் கேட்டவர்கள். அத்தானும் என்னைத்தான் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் என்னிடம் அதற்கு முன் எதையும் கேட்டு நின்றதில்லை.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"நான் பாத்ததத்தான் சொல்ல முடியும்" என்றேன். "மிச்சம் வச்சாரு. அடுப்பு அணைஞ்சுச்சு."

அத்தான் தலையை ஆட்டினார். டம்ளரை எடுத்தார். மூன்றே மடக்கில் குடித்தார். டம்ளரைச் சாய்த்து ராசாயிக்குக் காட்டினார். ராசாயி கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

திரும்பி வரும்போது முன் சீட்டில் உட்கார வைத்தேன். ஆலங்குடி தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொண்டு ஓடினேன். தரையில் கறுப்பாகக் கிடந்தது. டிகாஷன் இறக்கின பிறகு பில்டரில் சக்கை கிடக்குமே, அச்சு அசல் அந்த மாதிரி. அது காபி இல்லை, ரத்தம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

நான்கு நாள் இருந்தார். டாக்டரும் நர்சுகளும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் பக்கத்தில் இருந்தபோது கண்ணைத் திறந்தார்.

"மாப்ள, கீரமங்கலத்துக் கடை தொறந்திருக்கா?"

"தொறந்திருக்கு அத்தான். நல்லா ஓடுது."

"நான் முழுசாக் குடிச்சேன்ல? நீ பாத்தேல்ல?"

"பாத்தேன் அத்தான். ஒரு சொட்டு இல்ல."

"அது போதும்" என்றார். என்னிடம் அவர் பேசியது அதுதான் கடைசி. மறுநாள் என்னைப் பழையபடி கந்தர்வக்கோட்டை வண்டிக்குப் போட்டிருந்தார்கள், விடியும் முன்பே போக வேண்டியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை விடியலில் அவர் போய்விட்டார்.

வழக்கமாக ஒரு வியாபாரி காலமானால் அவர் பாடை போகிற தெருவில் கடைக்காரர்கள் கதவை ஒருக்களித்து வைப்பார்கள், அடுப்பைத் தணிப்பார்கள். அதுதான் மரியாதை. அத்தான் அன்று சாயங்காலம் கீழராஜ வீதி வழியாகப் போனார். ஒரு காபி கிளப்பிலும் அடுப்பைத் தணிக்கவில்லை. தணிக்கப் பயந்தார்கள். பாடை நெருங்க நெருங்க, ஒவ்வொரு கிளப் மாஸ்டரும் அவசர அவசரமாக விறகைத் திணித்துக் கரியை விசிறிக்கொண்டிருந்தார். வெளியே வந்து கும்பிட்டவர்களும் அடுப்பைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கும்பிட்டார்கள். தெருவின் இரண்டு பக்கமும் பாய்லர்கள் பொங்கி ஆவி கிளம்பி, பாடையைத் தூக்கிப்போன எங்களுக்கு எதிரே நாலு அடி தூரம் தெரியவில்லை. அந்த ஆவிக்குள்தான் அவரைக் கொண்டுபோனோம். தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் கேட்டது.

போய் வாருங்கள் அத்தான். உங்களைப் போல நாக்கு இந்த ஜில்லாவில் இனி ஒருவருக்கும் வராது. இதில் நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அக்காளும் அவள் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். கருப்பையா படிப்பார். கீரமங்கலத்தில் யாராவது ராசாயிக்குப் படித்துக் காட்டுவார்கள். அதனால் ஒன்றைத் திருத்திவிட்டு முடிக்கிறேன். கச்சேரி கிளப்பில் அன்று அத்தான் டம்ளரைக் கவிழ்க்கவில்லை. காபி தெற்கே ஓடவில்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று நான் அவசரப்படுத்தினதால், ஒரு மடக்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். சேஷையரைப் பார்த்து, "நல்லாருக்கு சாமி, நாளைக்கு வாரேன்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். அடுப்பு தை பார்க்காது என்று சொன்னது நான். அதுவும் அன்று இல்லை, கிளப் மூடினதற்கு அப்புறம், மேட்டில் வண்டி ஏறிக்கொண்டிருந்தபோது.